தரைத்தளத்துக்குக் கீழே ஐந்தரை மாதம்

ஒன்பது வருடம் கோழிக் குடல் உருவியவளுக்கு இனி எதைக் கண்டும் குமட்டாது என்றுதான் அவள் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஆலையில் அவள் நின்ற இடம் சங்கிலி வரிசையில் நான்காவது. தலைகீழாகத் தொங்கியபடி கோழிகள் வரும். இறகு போயிருக்கும், தலை போயிருக்கும். வயிற்றுக்குள் கையை விட்டு ஒரே இழுப்பில் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொண்டுவர வேண்டும். பித்தப்பை உடையக் கூடாது. உடைந்தால் கறியும் கெடும், மேற்பார்வையாளரின் வாயும் கெடும். மாலையில் எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த வாடை தங்கிவிடும். பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். மற்றவர்கள் நெரிசலில் நசுங்கிக்கொண்டு வர, தான் மட்டும் கையைக் காலை நீட்டி மகாராணி மாதிரி வந்ததாகச் சொல்லிச் சிரிப்பாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸும் வியர்வையுமாக வீடு திரும்புகிறவன் என்பதால் அவன் ஒரு நாளும் மூக்கைச் சுளித்ததில்லை.

சங்கிலியின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எடை பார்த்து, சீட்டு அச்சடித்து, பொட்டலத்தில் ஒட்டுவது அதன் வேலை. இரண்டு நாளைக்கு ஒரு முறை அது நின்றுவிடும். அது நின்றால் சங்கிலியும் நிற்கும், கோழிகள் அந்தரத்தில் தொங்கும். வெளியிலிருந்து ஒரு டெக்னீஷியன் ஆடி அசைந்து வருவான். அவன் என்ன செய்கிறான் என்று அவள் நாலு முறை பார்த்தாள். பின்பக்கம் ஒரு வயரைப் பிடுங்குவான், பத்து எண்ணும்வரை சும்மா நிற்பான், திரும்பச் செருகுவான், திரையில் வரும் பெட்டியில் இரண்டாவது வரியை அழுத்துவான். அவ்வளவுதான். ஐந்தாம் முறை அவன் வரத் தாமதமானபோது அவளே போய் அதைச் செய்தாள். சங்கிலி ஓடியது. உன்னை யார் தொடச் சொன்னது என்று மேற்பார்வையாளர் கத்தினார். அடுத்த வாரம் அது நின்றபோது அவரே வந்து அவளைக் கூப்பிட்டார்.

அன்றைக்குப் பிடித்த ஆசை அது. எதற்காக வயரைப் பிடுங்கினால் சரியாகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை.

குடல் உருவ இயந்திரம் வந்ததும் அவள் பகுதியில் இருந்த பெண்கள் எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. மகள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். மாலை நேர வகுப்பில் ஒரு வருடம் ஹார்ட்வேரும் நெட்வொர்க்கும் படித்தாள். கூடப் படித்த பிள்ளைகள் எல்லோரும் இருபதைத் தாண்டாதவர்கள். அவளை ஆன்ட்டி என்றார்கள். தேர்வில் ஆன்ட்டி இரண்டாவதாக வந்தாள். இந்த மார்க்குக்கு வேலை நிச்சயம், கொஞ்சம் அனுபவம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியாளர் கைகுலுக்கி அனுப்பினார்.

அந்தக் கொஞ்சம் அனுபவம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

புதியவர்களுக்கான வேலை என்று போட்டிருக்கும். கீழேயே இரண்டு வருட அனுபவம் அவசியம் என்றும் போட்டிருக்கும். ஏழு மாதத்தில் பதினொரு இடத்துக்குப் போனாள். ஓரிடத்தில் இருபத்தைந்து வயதுக்கு மேல் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்றார்கள். இன்னோர் இடத்தில் விண்ணப்பத்தைப் பார்த்த ஆள், ஒன்பது வருட அனுபவம் என்று எழுதியிருக்கிறீர்களே, எதில் என்று கேட்டான். சொன்னாள். அவன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். எங்கள் சர்வருக்குக் குடல் கிடையாதே அம்மா என்றான். வெளியே வந்து படியில் இறங்கும்போது உடம்பெல்லாம் எச்சில் பட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

கொழுந்தன் ஒரு வழி சொன்னான். இல்லாத கம்பெனியின் பெயரில் இரண்டு வருடச் சான்றிதழ் அடித்துத் தருகிற ஆள் ஒருவன் இருந்தானாம். அவள் வேண்டாம் என்றாள். நேர்மை பற்றிப் பெரிய பேச்சு ஒன்றும் பேசவில்லை. யாராவது ஒரு கேள்வி கேட்டு, பதில் தெரியாமல் விழிக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பயம்தான்.

கடைசியில் வழி காட்டியது நாத்தனார். ஃபோன் உடைந்து திரை மாற்றப் போன இடத்தில், அண்ணி ஒருத்தி இருக்கிறாள், கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள் என்று பேச்சுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். வரச் சொல்லுங்கள் என்றாராம் முதலாளி. ஆறு மாதம் சம்பளம் கிடையாது. ஆறாவது மாத முடிவில் கம்பெனித் தாளில் ஜூனியர் டெக்னீஷியன் என்று அனுபவச் சான்றிதழ் உண்டு. யார் ஃபோன் செய்து விசாரித்தாலும் அவரே நல்லபடியாகச் சொல்லுவார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கடை ஒரு வணிகக் கட்டடத்தின் அடியில், தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. மேலே செருப்புக் கடை. பதினான்கு படி இறங்க வேண்டும். ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டி மேல்மாடிக் கழிப்பறைகளின் குழாய் குறுக்கே போனது. அதன் ஒரு மூட்டில் துணி சுற்றியிருந்தது, துணிக்கு நேர் கீழே ஒரு வாளி. யாராவது மேலே தண்ணீர் ஊற்றினால் குழாய் கடகடவென்று பேசும், வாளியில் இரண்டு சொட்டு விழும். முன்பக்கம் கண்ணாடித் தடுப்பும் கவுன்டரும் பளபளப்பாக இருக்கும். கவுன்டருக்குப் பின்னால் வந்தால்தான் இந்த இலட்சணம் தெரியும். உள்ளே இரண்டு மேசை, ஓர் இரும்பு அலமாரி, கைகழுவும் தொட்டி.

அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். முதலாளி பெரும்பாலும் கவுன்டரில் உட்கார்ந்திருப்பார். வாசனைத் திரவியம் ஆளுக்கு முன்னால் வரும். ஃபோன் ரிப்பேர் மட்டும் பார்க்கிற ஒருவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருப்பான். மூன்றாவது ஆள் சீனியர். அவளைவிட ஏழு வயது சின்னவன். கை அவ்வளவு சுத்தம். ஒரு லேப்டாப்பைத் திறந்தால் ஸ்க்ரூக்களை வரிசை மாறாமல் காந்தத் தட்டில் அடுக்கி வைப்பான். முதல் நாளே அவளிடம் சிரித்துப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

முதல் நாளே அழுக்கு வேலை முழுவதையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். கோழி ஆலையில் இருந்தவங்கதானே, உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்றார் முதலாளி.

மனிதர்கள் கம்ப்யூட்டருக்குள் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்பது அதைத் திறக்கிறவர்களுக்குத்தான் தெரியும். கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினால் நகத் துண்டுகள் விழும். தலைமுடி சுருள் சுருளாக வரும். என்றோ தின்ற எதுவோ காய்ந்து கருகி எழுத்துகளுக்கு அடியில் ஒட்டியிருக்கும். ஓயாமல் புகைபிடிக்கிறவரின் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. ஃபேனின் ஒவ்வோர் இறக்கையிலும் மஞ்சள் பிசின் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஒரு பவர் சப்ளைப் பெட்டியைத் திறந்ததும் உயிரோடு இருந்த கரப்பான்களும் வெந்து போன கரப்பான்களும் சேர்ந்து கொட்டின. பூனை வளர்க்கிற வீட்டு லேப்டாப்பில் பூனை என்ன செய்திருந்தது என்பதை மூக்கே சொல்லிவிட்டது. ஃபோன் பார்க்கிறவன் மேசையை விட்டு எழுந்து ஓடிப்போனான்.

அவள் ஆலையில் போட்ட மாதிரி ரப்பர் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு, தூரிகையும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தாள். கையுறையைக் கழற்றாமலே இருந்ததால் அவளுக்குக் கிளவுஸக்கா என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தே இருந்தது. அழுக்கு அவளை ஒன்றும் செய்யவில்லை. அது கோழி வயிற்றில் இருந்ததற்கு முன்னால் எந்த மூலைக்கு?

அழுக்கைத் துடைத்த கையோடு வேலையையும் கற்றுக்கொண்டாள். சூடாகி நிற்கிற லேப்டாப்புக்கு உள்ளே சூட்டைக் கடத்தும் பசையை மாற்றுவது, உடைந்த திரையைக் கழற்றுவது, செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் இன்னொன்றுக்கு மாற்றுவது. சீனியர் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தான். மூன்றாம் மாதத்தில் அவளே தனியாக ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து, பழுது கண்டுபிடித்து, மூடி, ஓட வைத்தாள். அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடம் ஒரு மணி நேரம் விடாமல் அதைச் சொன்னாள். அவன் பாதியில் தூங்கிவிட்டான். மகள்தான் கடைசிவரை கேட்டாள்.

நாலாம் மாதத்திலிருந்து கவுன்டரில் அவளை உட்கார வைத்தார்கள். அவளைக் கண்டால் பெண்கள் தைரியமாக லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று முதலாளி கண்டுபிடித்திருந்தார். அவளும் சீட்டு எழுதி, எண் போட்டு, பாஸ்வேர்ட் கேட்டு எழுதிக்கொள்வாள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வந்தாள். வயது முப்பது இருக்கும். இரண்டு கடைக்குப் போய்ப் படியிலேயே திரும்பிவிட்டதாகச் சொன்னாள்.

"நீங்க இருக்கீங்கன்னுதான்க்கா குடுக்கறேன். உள்ள என் சொந்த விஷயமெல்லாம் இருக்கு" என்றாள் டீச்சர்.

"பயப்படாதீங்க டீச்சர். டிஸ்ப்ளே மட்டும்தான் மாத்துவோம். வேற எதையும் தொட மாட்டோம்" என்றாள் இவள்.

ஐந்தரை மாதம் முடிந்திருந்தது. டீச்சர் வந்துபோன இரண்டாம் நாள், வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். யாரோ கொடுத்த பழைய பிரிண்டர் ஒன்று வேலை செய்யவில்லை. அதற்கான டிரைவர், அதாவது பிரிண்டரைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொள்ள உதவும் சின்ன புரோகிராம், எங்கும் கிடைக்கவில்லை. கடையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய டிஸ்க் உண்டு. அதில் தேடினாள். பழைய டிரைவர்கள் என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அப்பாடா என்று திறந்தாள்.

உள்ளே டிரைவர் ஒன்றுகூட இல்லை. எண் எண்ணாக ஃபோல்டர்கள். எண்களைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் கடையின் சீட்டு எண்கள். கடைசி எண் டீச்சருடையது. அவள் கையால் எழுதிய சீட்டு.

திறந்தாள். டீச்சரின் படுக்கையறைக் கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் டீச்சர். கணவனுக்கு மட்டும் அனுப்ப எடுத்த படம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. படத்தின் பெயரை யாரோ மாற்றியிருந்தார்கள். பத்துக்கு ஏழு என்று மார்க் போட்டிருந்தார்கள்.

இன்னொரு ஃபோல்டரைத் திறந்தாள். பிள்ளை பெற்ற படுக்கையில் பால் கொடுக்கிற ஒரு தாய். அதற்கும் மார்க். இன்னொன்றில் மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண், மருத்துவருக்குக் காட்ட எடுத்து வைத்திருந்த தழும்பின் படங்கள். அதற்கு மார்க் இல்லை. ஒரு கேலிப் பெயர் இருந்தது.

ஃபோல்டரை மூடிவிட்டுத் தொட்டிக்குப் போனாள். சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்தது. ஒன்பது வருடத்தில் பித்தப்பை முகத்தில் தெறித்தபோதுகூட வராத வாந்தி. வாயைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

சீனியர் பின்னால் வந்து, "என்னாச்சுக்கா, சாப்பாடு ஒத்துக்கலியா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அந்தப் பாட்டிலை அவள் வாங்கவில்லை. பழைய டிரைவர்கள் ஃபோல்டரைத் திறந்தேன் என்று மட்டும் சொன்னாள். அவன் முகத்தில் அதிர்ச்சி வரும், குறைந்தது வெட்கமாவது வரும் என்று எதிர்பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அதுவா? எல்லாக் கடையிலயும் இருக்கறதுதான்க்கா. நாம என்ன வெளியவா போடறோம்? டைம்பாஸ். நீங்க ஏன் அதுக்குள்ள போனீங்க?"

மார்க் யார் போடுவது என்று கேட்டாள். ஃபோன் பார்க்கிறவன் பக்கம் கண்ணைக் காட்டி, ரெண்டு பேரும்தான் என்றான் வெகு சாதாரணமாக. வயர் எங்கே செருகுவது என்று சொல்லிக் கொடுத்த அதே குரல். அதே சுத்தமான விரல்கள். அந்த விரல்களைப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது.

முதலாளியிடம் போனாள். அவர் கண்ணாடித் தடுப்பின் கதவைச் சாத்திவிட்டு அவளை உட்காரச் சொன்னார். வயசுப் பசங்க, அப்படி இப்படித்தான் இருப்பாங்க, கண்டிச்சு வைக்கிறேன் என்றார். அவருக்கு இது முன்பே தெரியும் என்பது அவர் ஆச்சரியப்படாததிலேயே தெரிந்தது. பிறகு கவுன்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பெயர், ஜூனியர் டெக்னீஷியன், பாராட்டத்தக்க உழைப்பு, எல்லாம் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

"இன்னும் ரெண்டே வாரம். நீங்க எதையும் பாக்கல, நானும் எதையும் கேக்கல. நல்லா எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க" என்றார். வாசனைத் திரவியம் மூக்கில் ஏறியது. குழாய் மூட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரே அதைவிடச் சுத்தம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனாலும் அவள் அன்றே வெளியேறிவிடவில்லை. இதைப் பின்னால் அவளே ஒளிக்காமல் சொன்னாள். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனாள். சனிக்கிழமையும் போனாள். சீட்டு எழுதினாள், பாஸ்வேர்ட் வாங்கினாள். வாங்கிய பாஸ்வேர்டில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தப்பாக எழுதி வைத்தாள். அதற்குமேல் துணிச்சல் வரவில்லை. வீட்டில் சொன்னபோது கணவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். அயோக்கியப் பசங்க என்றான். அப்புறம், "ரெண்டு வாரம்தானே. பேப்பரை வாங்கிட்டு வந்து அப்புறம் கம்ப்ளைன்ட் குடு" என்றான்.

அவளும் சரியாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். தன் நினைப்பை அவன் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவன்மேல் வந்த வெறுப்பைவிடத் தன்மேல் வந்த வெறுப்பு அதிகம். ஞாயிறு முழுவதும் சமையலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போதும்மா, தரை தேஞ்சிடும் என்றாள் மகள்.

திங்கள் காலை டீச்சர் லேப்டாப்பை வாங்க வந்தாள். புதுத் திரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். ரொம்ப தேங்க்ஸ்க்கா, உங்களை நம்பித்தான் குடுத்தேன் என்று பையைத் தோளில் மாட்டினாள். முதலாளி பக்கத்தில்தான் இருந்தார்.

அவள் கவுன்டரை விட்டு எழுந்து டீச்சரோடு படியேறினாள். செருப்புக் கடை வாசலில் நின்று, தாழ்ந்த குரலில், சுற்றி வளைக்காமல் சொன்னாள். என்ன ஃபோல்டர், என்ன எண், என்ன படம்.

டீச்சர் பையைத் தோளிலிருந்து இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆறுதலுக்காக இவள் கையை நீட்டியபோது டீச்சர் ஒரு படி பின்னால் போனாள்.

"நீங்களும் பாத்தீங்களா?"

"டிரைவர் தேடினப்போ திறந்துட்டேன் டீச்சர். ஒண்ணு பாத்தேன். உடனே மூடிட்டேன்."

"என்னிக்கு?"

"வியாழக்கிழமை."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னிக்குத் திங்கள்" என்றாள். ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

கோழி வாடைக்காகப் பேருந்தில் விலகி உட்கார்ந்தவர்கள் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அவள் திரும்பிப் படியிறங்கி, தன் பையை எடுத்துக்கொண்டாள். முதலாளி என்ன சொன்னாய் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன் என்றாள். அவர் இழுப்பறையிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குழாய்க்கு அடியிலிருந்த வாளியில் போட்டார். அதோடு விடாமல், பன்றி என்பதிலிருந்து தொடங்கி அவர் சொன்னவற்றையெல்லாம் அவள் பிறகு யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை.

டீச்சர் நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போயிருந்தாள். அன்று மாலைக்குள் பெரிய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார்கள். சீனியர் அதற்குள் அழிக்கப் பார்த்திருக்கிறான். அழித்ததையும் மீட்டெடுக்கலாம் என்பது அவனுக்குத் தெரியாததா? அவனே நூறு தடவை வாடிக்கையாளர்களுக்குச் செய்து கொடுத்த வேலை அது. ஆனால் மறுநாள் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டவர்களில் முதல் ஆள் அவள்தான். கவுன்டரில் இருந்தது அவள், பாஸ்வேர்ட் வாங்கியது அவள், அவள்தான் இதையெல்லாம் எடுத்து வைத்துப் பணம் பறிக்கப் பார்த்தாள் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார்.

ஒரு பகல் முழுவதும் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கணவன் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே இருந்தான். அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். கம்ப்யூட்டர் குற்றங்களை விசாரிக்கிற பெண் அதிகாரி கேள்வி கேட்டாள். ஒவ்வொரு படமும் எந்தத் தேதியில், எந்த மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து நகலெடுக்கப்பட்டது என்று டிஸ்க்கிலேயே பதிவாகியிருக்கும், அதைப் பாருங்கள் என்று அவள் விளக்கினாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததில், பாதிக்கு மேற்பட்ட ஃபோல்டர்கள் அவள் அந்தக் கடையில் கால் வைப்பதற்கு முன்பே சேர்க்கப்பட்டவை என்று தெரிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

வழக்கு போட்டார்கள். அது இன்னும் நடக்கிறது. கடை மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. நாலாவது வாரம் இரண்டு தெரு தள்ளி வேறு பெயர்ப் பலகையோடு திறந்தது. நாத்தனார்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பழைய கவுன்டர், பழைய கண்ணாடி, அதே முதலாளி. வாசலில், பெண்களுக்குத் தனிக் கவனம் என்று புதிதாக எழுதியிருந்ததாம். கேட்டதும் அவள் எழுந்து போய் ஜன்னல் வழியாகக் காறித் துப்பினாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

மறுபடியும் வேலை தேடல். இப்போது அனுபவம் இருந்தது, காகிதம் இல்லை. முன்பு எங்கே இருந்தீர்கள் என்பார்கள். மறைக்காமல் சொல்லுவாள். கேட்ட உடனே பேச்சு சுருங்கிவிடும். புகார் கொடுக்கிறவளை எவன் வேலைக்கு வைப்பான்? ஓரிடத்தில் தலை நரைத்த ஓர் ஆள் மிகவும் மரியாதையாக அவளை உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, படங்கள் எந்த மாதிரி இருந்தன என்று கேட்டான். கேட்கும்போது உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான். அவள் எழுந்து வந்துவிட்டாள். அன்று முழுக்க அந்த நாக்கு கண்ணை விட்டுப் போகவில்லை. இந்தத் தொழிலே வேண்டாம், திரும்பக் கோழிக்கே போகிறேன், கோழி செத்த பிறகுதான் அதன் உள்ளே கை வைக்கிறோம் என்று கணவனிடம் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பழைய கம்ப்யூட்டர்கள் முந்நூற்றுச் சொச்சம். அவற்றைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற நோயாளிகளின் விவரங்களை மிச்சமில்லாமல் அழிக்க வேண்டும். யாரும் விரும்பி வராத வேலை. கணினிப் பிரிவின் தலைவி குண்டான ஓர் அம்மாள். பிஸ்கட் தின்றுகொண்டே நேர்காணல் நடத்தினாள், துணுக்கு மேசையெல்லாம் சிந்தியது. டிஸ்க்கை எப்படி அழிப்பாய் என்று கேட்டாள். அழிக்கிற பட்டனை அழுத்தினால் அழியாது, மேலே எழுதி எழுதி நிரப்ப வேண்டும், அப்படி எழுத முடியாத டிஸ்க்கில் துளை போட வேண்டும், ஒவ்வொன்றின் எண்ணையும் குறித்து இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவள் சொன்னாள். இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டாள் அம்மாள். எப்படி என்று கற்றதும் ஏன் அவசியம் என்று புரிந்ததும் ஒரே கடையில்தான் என்று சொல்லி, நடந்ததை முழுவதும் சொன்னாள். வியாழன் முதல் திங்கள் வரை சும்மா இருந்ததையும் விடவில்லை.

அம்மாள் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தவள் தின்னாமல் வைத்துவிட்டாள்.

"சர்டிபிகேட் கைல இல்ல?"

"கிழிச்சுட்டாங்க மேடம்."

"சரி. நாளைக்கு எட்டரைக்கு வா."

மூன்று மாத ஒப்பந்தம் ஆறு மாதமாகி, பிறகு நிரந்தரமாயிற்று. இப்போது நாலாவது வருடம். வார்டுகளில் எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது. மனிதர்களைத்தான் முன்னைப்போல் பிடிப்பதில்லை. அழிக்காத பழைய லேப்டாப் ஒன்றைப் பிள்ளைக்கு எடுத்துப் போகிறேன், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு டாக்டர் கெஞ்சியபோது, அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்காக அவள்மேல் வந்த புகார் இன்னும் கோப்பில் இருக்கிறது.

போன மாதம் சர்வரில் ஒரு பாகம் மாற்ற வெளிக் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தான். கழுத்தில் அட்டை, இஸ்திரி போட்ட சட்டை. அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "கிளவுஸக்கா, எப்படி இருக்கீங்க?" என்றான். சீனியர். வழக்கு நடக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, அது பாட்டுக்கு அது நடக்குதுக்கா என்றான்.

அவள் சர்வர் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தலைவியைக் கூப்பிட்டாள். அம்மாள் வந்து கேட்டுவிட்டு, அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். மறுநாள் கம்பெனி வேறு ஆளை அனுப்பியது. மன்னிப்புக் கடிதமும் வந்தது. அவனை வேலையை விட்டு அனுப்பினார்களா என்று கேட்டு அவள் எழுதினாள். பதில் இல்லை. திரும்பவும் எழுதினாள். அவர் இப்போது வேறு கிளையில் இருக்கிறார், உங்களுக்கு இனி இடைஞ்சல் இருக்காது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

வழக்குக் கோப்பில் சேர்க்கச் சொல்லலாம் என்று அந்தப் பதிலை அச்சடித்து எடுத்துக்கொண்டாள். மதிய இடைவேளையில் பேருந்து பிடித்து, அன்று தன்னை விசாரித்த பெண் அதிகாரியின் காவல் நிலையத்துக்குப் போனாள். அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தாள். புதிதாக வந்தவர் உட்காரச் சொல்லிவிட்டு, கோப்பைத் தேட உள்ளே போனார். அவள் உட்கார்ந்திருந்தாள்.